ஆவி இல்லாமல் பால் நுரைக்குமா? ஒரு மேசைக் கருவியும் சில பழைய காப்புரிமைகளும்

#1 நுரைத்தேடி

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதமாக ஒரு கருவியை மேசையில் வைத்துக் குடைந்துகொண்டிருக்கிறேன். மீன்தொட்டிக்குப் போடும் சின்னக் காற்று பம்ப், ஊசித்துளை போட்ட ஒரு முனை, காந்தத்தால் சுற்றும் கம்பிச்சுருள், அடியில் 250 வாட் ஹீட்டர். இவ்வளவுதான். ஆவியே இல்லாமல், எஸ்பிரெஸோ இயந்திரத்தில் பாலுக்குள் ஆவி விடுகிற ஸ்டீம் குழாயில் கிடைக்கிற அதே வழவழப்பான நுரையைப் பாலில் கொண்டுவர வேண்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எஸ்பிரெஸோ இயந்திரங்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நல்ல கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் ஆவியைக் காபியிடமிருந்து ஓரடி தள்ளி வைத்திருக்கிறது.

1901-இல் மிலானில் லூயிஜி பெட்சேரா உருவாக்கிய இயந்திரத்தில், பாய்லரில் சேரும் ஆவிதான் தண்ணீரைக் காபித்தூள் வழியே தள்ளியது. அழுத்தம் வெளிக்காற்றுக்கு மேல் சுமார் ஒன்றரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்). மூடிய பாய்லரில் அழுத்தமும் வெப்பமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டவை. ஒன்றரை பார் வேண்டுமென்றால் உள்ளே தண்ணீர் 127 டிகிரியைத் தொட்டே ஆக வேண்டும். காபிக்கு வேண்டியதோ 90 முதல் 96 டிகிரி. அழுத்தத்தைக் கூட்டினால் காபி கருகிக் கசக்கும், வெப்பத்தைக் குறைத்தால் தள்ளுவதற்கு ஆளில்லை.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் அக்கீலே காஜ்ஜா. 1948-இல் வந்த அவருடைய இயந்திரத்தில் லீவரைக் கையால் கீழே இழுத்தால் வில்சுருள் இறுகும், தூளுக்கு மேலே உள்ள அறையில் தண்ணீர் நிரம்பும். கையைத் தளர்த்தினால் சுருள் விரிந்து பிஸ்டனை அழுத்தும். 8, 9 பார் வரைக்கும் போகும். கோப்பையின் மேல் பொன்னிறப் படலமாக க்ரேமா நின்றது அப்போதுதான். 1961-இல் எர்னெஸ்டோ வாலென்டேயின் ஃபயேமா ஈ61 அந்தக் கைவேலையை மோட்டார் பம்பிடம் கொடுத்தது. 1970-இல் லா மார்சோக்கோவின் ஜிஎஸ் இயந்திரம் காபிக்கு ஒரு பாய்லர், ஆவிக்கு ஒரு பாய்லர் என்று பாகம் பிரித்துவிட்டது.

ஆக, ஆவிக்கு மிஞ்சியது பால் மட்டும். அங்கிருந்தும் அதைப் பிரித்துவிட்டால் என்ன என்பதுதான் என் கேள்வி.

இப்போது என் சிக்கல். 150 கிராம் பால் 5 டிகிரியிலிருந்து 60-க்கு வர இரண்டரை நிமிடம் ஆகிறது. காற்றும் சுருளும் அந்த நேரம் முழுக்க ஓடுகின்றன. நுரை வருகிறது, ஆனால் சோப்பு நுரை மாதிரி வருகிறது. ஊற்றினால் பால் முன்னால் ஓடிவிடும், நுரை ஜக்கிலேயே கட்டியாக நிற்கும், கரண்டியால் வழித்துப் போட வேண்டும். எங்கே தவறுகிறேன்?

#2 பித்தளைக்கை

தம்பி, நல்ல கேள்வி. இருபது வருடமாக இந்த இயந்திரங்களைப் பிரித்து மாட்டுகிறவன் நான். ஆவியை வெளியே அனுப்புவதற்கு முன்னால் அது பாலில் என்னென்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒருமுறை கிட்டே நின்று பாருங்கள்.

குழாயின் முனை பாலின் மேற்பரப்புக்குச் சற்றே கீழே, ஜக்கின் நடுவிலிருந்து கொஞ்சம் விலகி இருக்க வேண்டும். வால்வை முழுதாகத் திறக்க வேண்டும். காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி 'ச்ச், ச்ச்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் காற்று உள்ளே போகிற சத்தம். மூன்று, நான்கு விநாடிதான். பால் லேசாக மேலேறியதும் ஜக்கை ஒரு விரற்கடை உயர்த்தினால் முனை உள்ளே போய்விடும், சத்தம் அடங்கும், பால் சுழல ஆரம்பிக்கும். அதற்கப்புறம் காற்றே கிடையாது. சூடும் சுழலும் மட்டும். ஜக்கின் அடியில் வைத்த உள்ளங்கை இனி தாங்காது என்கிற இடத்தில் வால்வை மூட வேண்டும்.

ஒரே குழாய் மூன்று வேலை செய்கிறது: காற்றை இழுத்து உள்ளே விடுகிறது, பாலைக் கலக்குகிறது, சூடாக்குகிறது. நீங்கள் மூன்றுக்கும் மூன்று பொருள் வைத்திருக்கிறீர்கள். அது தப்பில்லை. ஆனால் அவற்றை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. நுரைக்குள் இருப்பது ஆவி என்று பலர் நினைக்கிறார்கள். ஆவிக்குமிழி குளிர்ந்த பாலில் பட்டதும் தண்ணீராகிச் சுருங்கிக் காணாமல் போய்விடும். நுரையில் நிற்பது வெளிக்காற்று மட்டும்தான். அதனால்தான் முனையை ஆழத்தில் வைத்து எவ்வளவு நேரம் ஆவி விட்டாலும் பால் சூடாகுமே தவிர நுரைக்காது. உங்கள் பம்ப் தருவது காற்று. அது சுருங்கிப் போகாது. இரண்டரை நிமிடம் காற்று விட்டால் கட்டிநுரை வராமல் என்ன செய்யும்?

அப்புறம் ஈ61 பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதில் பாய்லர் ஒன்றுதான். அந்தப் பாய்லருக்குள்ளே ஒரு குழாய் ஓடும். பம்ப் தள்ளும் புதுத் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போகிறபோதே சூடேறி வெளியே வரும். பாய்லர் தண்ணீரும் காபித் தண்ணீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தூளைப் பிடிக்கிற தலைப்பகுதி நாலு கிலோ சுமாருக்குப் பித்தளை. அதற்குள் வெந்நீர் தானாகவே மேலும் கீழும் சுழன்று அதைச் சூடாக வைத்திருக்கும். அந்தத் தலையைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் அந்த வடிவமைப்பின் அருமை புரியும். இன்றைக்கும் பல நிறுவனங்கள் அதே வடிவத்தைத்தான் வார்த்துக்கொண்டிருக்கின்றன.

#3 காப்புரிமை வாசகி

நுரைத்தேடி, முதலில் ஓர் எச்சரிக்கை. இதைக் காப்புரிமைக்குக் கொண்டுபோகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் வரைபடத்தையோ, முனையின் அளவுகளையோ, ஓடும் வரிசையையோ இங்கே போடாதீர்கள். விண்ணப்பத் தேதிக்கு முன்னால் உலகில் எங்காவது வெளியான எதுவும் புதுமையைக் கெடுக்கும், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தாலும் சரி. அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஓராண்டு விலக்கு உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் அந்தச் சலுகை ஏறக்குறைய இல்லை. பொது இழையில் போட்ட ஒரு புகைப்படமே போதும். நீங்கள் இதுவரை சொன்னது பொதுவான விஷயம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வரலாற்றில் இரண்டு பேரை விட்டுவிட்டீர்கள். 1884-இல் தூரினில் ஆஞ்செலோ மொரியோண்டோ ஆவியால் இயங்கும் காபி இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, அதே ஆண்டு அங்கே நடந்த பெரிய கண்காட்சியில் வைத்தார். ஆனால் அது மொத்தமாகக் காபி இறக்குகிற இயந்திரம். பெட்சேராவின் புதுமை என்ன என்று கேட்டால், ஒரு கோப்பைக்கு வேண்டிய தூளை மட்டும் கைப்பிடி வைத்த வடிகட்டியில் போட்டு இயந்திரத்தில் பூட்டுவது, அதுதான். போர்ட்டாஃபில்டர் என்று நாம் இன்று சொல்கிறோமே, அதன் மூலம் அங்கே இருக்கிறது. அந்தக் காப்புரிமையை வாங்கி 1905 முதல் இயந்திரமாகச் செய்து விற்றவர் தெசிதேரியோ பவோனி. கண்டுபிடித்தவர் ஒருவர், ஊருக்குக் கொண்டுசேர்த்தவர் இன்னொருவர். இந்தத் துறையில் இது அடிக்கடி நடந்திருக்கிறது. காஜ்ஜாவின் லீவர் இயந்திரங்களைக்கூட முதலில் செய்து கொடுத்தது வாலென்டேயின் ஃபயேமாதான். அப்புறம் இருவரும் பிரிந்தார்கள்.

இரண்டாமவர் ஃபிரான்செஸ்கோ இல்லி. 1935-இல் வந்த அவருடைய இல்லெட்டா இயந்திரம் தண்ணீரைத் தள்ள அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தியது. காஜ்ஜா ஆவியில்லாத முறைக்கு விண்ணப்பித்தது 1938-இல். போர் முடிந்தபின் 1947-இல் வில்சுருள் லீவர். ஆக, ஆவியின் இடத்தில் காற்றை வைத்துப் பார்க்கும் எண்ணம் காபிப் பக்கத்தில் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. உங்கள் எண்ணத்துக்கு நல்ல முன்னோர் இருக்கிறார்கள்.

பால் பக்கத்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன என்றும் பார்த்துவிட வேண்டும். ஸ்டீம் குழாயின் மேல் மாட்டும் உறை, பக்கத்தில் ஒரு சின்னத் துளையோடு வரும். பனரெல்லோ என்பார்கள். காற்று அந்தத் துளை வழியே தானாக உள்ளே போகும். அடுத்து கப்புச்சினாத்தோரே. ஆவி ஒரு குறுகிய வாயில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த இழுவையில் ஒரு குழாயில் பாலும் இன்னொரு துளையில் காற்றும் வந்து கலக்கும். வெந்துரி விளைவு, அவ்வளவுதான். காந்தத்தால் சுற்றும் சுருள் வைத்த தனிக்கிண்ணம் வீடுகளில் ரொம்ப நாளாகவே இருக்கிறது. ஆவியோடு பம்ப் மூலம் காற்றையும் சேர்த்து விட்டு, பாலின் வெப்பத்தை உணர்கருவியால் அளந்து தானாக நிறுத்துகிற குழாய்களும் உண்டு. பெரிய தானியங்கி இயந்திரங்களில் பாலைப் பம்ப் இழுத்து, காற்றைச் சேர்த்து, ஒரு குறுகிய தடை வழியே தள்ளும்.

இத்தனைக்கும் நடுவில் உங்கள் புதுமை எந்த இடத்தில் இருக்கிறது? அதை ஒரே வாக்கியத்தில் உங்களால் எழுத முடிகிறதா என்று தனியாக உட்கார்ந்து பாருங்கள். அந்த வாக்கியம்தான் நாளைக்கு உங்கள் உரிமைக்கோரிக்கை.

#4 நுரைத்தேடி

அக்கா, மிக்க நன்றி. வரைபடம் போடவிருந்தேன், நிறுத்திவிட்டேன்.

அண்ணன் சொன்னபடி காற்றை முதல் 20 விநாடியோடு நிறுத்திப் பார்த்தேன். பெரிய முன்னேற்றம். கட்டிநுரை போய்விட்டது. சூடேறி முடிந்ததும் மேலே பார்த்தால் கிட்டத்தட்ட பளபளப்பாகவே இருக்கிறது. ஆனால் நாற்பது விநாடிக்குள் அங்கங்கே கொப்புளம் மாதிரி பெரிய குமிழிகள் முளைக்கின்றன. ஸ்டீம் குழாயில் செய்ததில் இப்படி இல்லை. ஏன்?

#5 பால்வேதி

கொப்புளம் முளைப்பதற்குக் காரணம் சொல்கிறேன். சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. அதனால் சின்னதில் உள்ள காற்று சுற்றியுள்ள பாலில் கரைந்து பெரியதற்குள் போய்ச் சேரும். சின்னது மறையும், பெரியது வளரும். நுரை நிலைக்க வேண்டுமானால் குமிழி சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஸ்டீம் குழாயின் சுழல் செய்கிற பெரிய உபகாரம் இதுதான். தப்பிப் பெரிதாக நுழைந்த குமிழியை இழுத்து இழுத்து உடைத்துச் சமப்படுத்திவிடுகிறது. உங்கள் சுருள் ஜக்கின் நடுவில் மட்டும் சுற்றினால் ஓரத்தில் இருக்கும் குமிழி அதன் கைக்கு எட்டாது.

ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம்தான் பெரிதாக இருக்கிறது. இரண்டரை நிமிடம் என்கிறீர்களே, அது.

பாலில் நுரையைத் தாங்குவது புரதம். கேசின் ஐந்தில் நான்கு பங்கு, மோர்ப்புரதம் ஒரு பங்கு. அவை குமிழியைச் சுற்றித் தோல்போல் படிந்து நிற்கும். கொழுப்பு வாய்க்கு வழவழப்பைத் தரும், ஆனால் நுரைக்கு எப்போதும் நண்பனில்லை. பால்கொழுப்பு ஒரே வெப்பத்தில் உருகுவதில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பெரும்பகுதி இறுகிக் கிடக்கும். 40 டிகிரி சுமாருக்கு எல்லாம் உருகிவிடும். இடைப்பட்ட 20 முதல் 35 வரை பாதி திடம், பாதி எண்ணெய். அந்த நிலையில் கொழுப்புத் துளிகளைக் கடைந்தால் அவற்றுள் இருக்கும் படிகங்கள் ஒன்றையொன்று குத்தி ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் வெளியே வந்து குமிழியின் தோலில் பரவும், தோல் கிழியும். ஸ்டீம் குழாய் அந்த இடைவெளியை ஆறேழு விநாடியில் தாண்டிவிடுகிறது. உங்கள் ஹீட்டர் அதே இடத்தில் நாற்பது விநாடி நின்றுகொண்டு கடைகிறது.

சரிபார்க்க எளிய வழி: கொழுப்பு நீக்கிய பாலில் அதே சோதனையைச் செய்யுங்கள். அதில் கொப்புளம் குறைந்தால் குற்றவாளி கொழுப்புதான்.

இன்னும் இரண்டு விஷயம். 65-க்கு மேல் போகாதீர்கள். 70-ஐத் தாண்டினால் மோர்ப்புரதம் குலைந்து வெந்த பால் வாடை வரும். சில நாள் எந்தக் கருவியிலும் பால் நுரைக்காது, லேசாகச் சோப்பு வாடை அடிக்கும். அது கொழுப்பு சிதைந்து கொழுப்பமிலமாக மாறியதால் வருவது. அந்த அமிலம் குமிழியின் மேல் புரதத்துக்கு இடமில்லாமல் செய்துவிடும். அப்படிப்பட்ட பாலை வைத்து உங்கள் கருவியை எடை போட்டுவிடாதீர்கள். ஒரே நாளில், ஒரே பாக்கெட் பாலை இரண்டு கருவியிலும் நுரைத்துப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

#6 அழுத்தமானி

பால்வேதி சொன்னதற்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

150 கிராம் பால், கிராமுக்கு டிகிரிக்கு 3.9 ஜூல், 55 டிகிரி ஏற்றம். மொத்தம் சுமார் 32,000 ஜூல். 250 வாட் ஹீட்டரில் ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் 128 விநாடி. இழப்பையும் சேர்த்தால் உங்கள் இரண்டரை நிமிடம் சரியாக வந்து நிற்கிறது. ஸ்டீம் குழாய் அதை 25 விநாடியில் செய்தால் அது பாலுக்குள் கொட்டுவது ஏறக்குறைய 1,300 வாட்.

அந்த வெப்பம் எப்படி வருகிறது என்பதுதான் அழகு. 120 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஆவி, பாலுக்குள் தண்ணீராக மாறும்போது 2,200 ஜூல் விடுகிறது. அந்தத் தண்ணீர் 60-க்குக் குளிரும்போது இன்னொரு 250. ஆக 2,450. 32,000 ஜூலுக்கு 13 கிராம் ஆவி போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்த 13 கிராமும் தண்ணீராகப் பாலிலேயே தங்குகிறது. 150 கிராம் பால் 163 ஆகிவிடும். கிட்டத்தட்ட 8 சதவீதம் தண்ணீர் கலந்த பால். நுரைத்தேடி, உங்கள் கருவியின் நியாயமான பெருமை இங்கேதான் இருக்கிறது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராது.

#7 பித்தளைக்கை

கணக்கு சரிதான். நான் தராசில் வைத்துப் பார்த்தேன். 150 கிராமுக்கு 14 கூடியது. குழாயில் தேங்கிய தண்ணீரை முதலில் பீய்ச்சி வெளியே விடாமல் அப்படியே பாலில் வைத்தபோது 19. அந்த 5 கிராம் சோம்பேறித்தனத்தின் தண்ணீர். ஆவி விடும் முன் ஒருமுறை, விட்டபின் ஒருமுறை குழாயைத் திறந்து மூடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

#8 இரவுப்பணி

குழாயைத் திறந்து மூடுவது பற்றி வந்ததால் கேட்கிறேன். நான் இரவுப் பணியில் காபி போடுகிறவள். போன வாரம் ஜக்கில் முனை இருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. வால்வும் திறந்தே இருந்தது. இருட்டில் வேறு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஜக்கில் பால் பாதிதான் இருக்கிறது. மேசையில் சிந்தவும் இல்லை. மறுநாள் இயந்திரத்தைப் போட்டதும் ஆவியில் புளித்த பால் நாற்றம். வாடிக்கையாளர் ஒருவர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. பால் எங்கே போனது?

#9 பித்தளைக்கை

பாய்லருக்குள் போய்விட்டது, அம்மா. உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள், அந்த ஆவியில் யாருக்கும் பால் காய்ச்ச வேண்டாம்.

நடந்தது இதுதான். ஹீட்டர் நின்றதும் பாய்லர் குளிர ஆரம்பிக்கும். உள்ளே இருந்த ஆவி தண்ணீராகும். ஆவி இருந்த இடம் வெற்றிடமாகும். வால்வு திறந்திருந்தால், முனை பாலில் இருந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் பாலைத் தள்ளி உள்ளே ஏற்றிவிடும். உறிஞ்சுகுழாய் மாதிரிதான்.

இதைத் தடுக்கத்தான் பாய்லரின் தலையில் விரல்நுனி அளவில் ஒரு வெற்றிடத் தடுப்பு வால்வு இருக்கிறது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மூடியிருக்கும். அழுத்தம் போனதும் அதன் ஊசி தன் எடையால் கீழே விழுந்து காற்றை உள்ளே விடும், பாலுக்கு அழைப்பு போகாது. உங்களுடையது சுண்ணாம்பு படிந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காலையில் இயந்திரம் சூடேறும்போது அந்த இடத்திலிருந்து 'புஸ்' என்று கொஞ்சம் ஆவி கசிந்து, 'டக்' என்று மூடுகிற சத்தம் கேட்கிறதா? கேட்காவிட்டால் வால்வு செத்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சின்ன வால்வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூடேறும்போது பாய்லரில் அடைபட்ட பழைய காற்றை அது வெளியே விட வேண்டும். விடாவிட்டால் காற்று விரிந்து மானியில் முள் ஒரு பாரைக் காட்டும், ஹீட்டரும் நின்றுவிடும், ஆனால் உள்ளே வேண்டிய சூடு வந்திருக்காது. குழாயைத் திறந்தால் முதலில் வெறும் காற்று வரும், முள் மடமடவென இறங்கும். பொய் அழுத்தம் என்போம்.

செய்ய வேண்டியது: பாய்லரை முழுதாக வடித்து, புதுத் தண்ணீர் நிரப்பிச் சூடாக்கி, மறுபடி வடியுங்கள். இரண்டு மூன்று முறை. வாடை போகாவிட்டால் பழுதுபார்க்கிறவரைக் கூப்பிட்டு உள்ளே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வால்வைப் புதிதாக மாற்றிவிடுங்கள். ஆறிய பாய்லரில்தான் கை வைக்க வேண்டும், அதில் மட்டும் அவசரம் கூடாது.

கண்டுபிடிப்பு பற்றிப் பேசும் இழையில் இதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். லீவரையும் பம்பையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த ஊசிவால்வை யார் நினைக்கிறார்கள்? இது இல்லாவிட்டால் எத்தனை பாய்லரில் பால் அழுகிக் கிடக்கும்!

#10 இரவுப்பணி

நன்றி சார். வால்வைக் கழற்றிப் பார்த்தோம், நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளையாகப் படிந்து இறுகிப்போயிருந்தது. மூன்று முறை வடித்தோம். நாற்றம் போய்விட்டது. இப்போது காலையில் அந்த 'டக்' சத்தத்துக்காகவே காது கொடுத்து நிற்கிறேன்.

நுரைத்தேடி அண்ணா, உங்கள் கருவி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பணிவேளையில் நூறு ஜக்குக்குக் குறையாமல் போடுகிறேன். ஸ்டீம் குழாயை ஈரத்துணியால் ஒரு இழுப்பு, ஒருமுறை திறந்து மூடினால் சுத்தம். இரண்டு விநாடி. உங்கள் சுருள், முனை, காற்றுக் குழாய் இதெல்லாம் ஒவ்வொரு முறையும் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? ஊசித்துளைக்குள் பால் காய்ந்துவிட்டால் என்ன செய்வது? நுரை எவ்வளவு நன்றாக வந்தாலும், கழுவ முடியாத கருவியை என்னால் பாலுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

#11 நுரைத்தேடி

தங்கை, நீங்கள் சொன்னதை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டேன். உண்மையில் அந்தக் கேள்வியால்தான் வடிவமைப்பே மாறியது. எப்படி மாறியது என்று இங்கே சொல்ல முடியாது, அக்கா திட்டுவார்கள். காற்று வழி இப்போது பாலைத் தொடுவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சோதனைகளுக்கு வருகிறேன். ஒப்பிட இப்படி ஒரு வழி வைத்துக்கொண்டேன்: நுரைத்த பாலை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அடியில் தெளிபால் கோடு எவ்வளவு உயருகிறது என்று ஒரு நிமிடம் கழித்து அளப்பது. கோடு தாழ்வாக இருந்தால் நுரை பாலைப் பிடித்துவைத்திருக்கிறது என்று பொருள்.

கொழுப்பு நீக்கிய பாலில் கொப்புளம் அறவே இல்லை. பால்வேதி சொன்னது சரி, குற்றவாளி கொழுப்பும் என் மெதுவான ஹீட்டரும்தான்.

அடுத்து 800 வாட் ஹீட்டர் போட்டேன். காற்றைப் பால் 10 டிகிரியைத் தாண்டுவதற்குள் கொடுத்து முடித்துவிட்டு, பிறகு ஹீட்டர். 60 டிகிரிக்கு ஐம்பது விநாடி. முழுக்கொழுப்புப் பாலிலும் கொப்புளம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் புதுப் பிரச்சினை: கிண்ணத்தின் அடியில் மெல்லிய தோல் ஒட்டுகிறது, மூன்றாவது தடவையில் பழுப்பாகிவிட்டது, பாலில் அடிப்பிடித்த வாடை.

#12 பால்வேதி

இதை எதிர்பார்த்தேன். 800 வாட்டையும் உள்ளங்கை அளவு அடித்தட்டு வழியே தள்ளினால் அந்தத் தட்டு பாலைவிட மிகவும் சூடாக இருந்தே ஆக வேண்டும். புரதம் முதலில் குலைவதும் படிவதும் அங்கேதான். ஆவிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது தன் சூட்டைப் பாலுக்கு நடுவே கொண்டுபோய் இறக்குகிறது, சட்டியே இல்லாத அடுப்பு அது. முடிந்தால் வெப்பத்தைக் கிண்ணத்தின் பக்கச் சுவர் முழுக்கப் பரப்புங்கள். பரப்பு நாலு மடங்கானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் போகும் வாட் நாலில் ஒன்றாகும்.

#13 அழுத்தமானி

சுவர் முழுக்கப் பரப்பும்போது பாலும் சுவரை ஒட்டி வேகமாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே தேங்கிக் கருகும். சுருளை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். பால்வேதி முன்பு சொன்ன ஓரத்துக் குமிழிக்கும் அதுவே மருந்து.

இன்னொரு கோணம். கடையில் நாள் முழுக்க 125 டிகிரியில் ஒரு பாய்லர் ஆவிக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது, யாரும் பால் கேட்காத நேரத்திலும். நுரைக்கும்போது மட்டும் சூடாகிற கருவி அந்தக் காத்திருப்பை மிச்சப்படுத்தும். இரவுப்பணி மாதிரி நூறு ஜக் போடுகிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை போடுகிற வீட்டுக்கு அதுதான் முக்கியம். யாருக்காகச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

#14 பித்தளைக்கை

நேற்று தம்பியின் மேசைக்கே போய்வந்தேன். என் ஸ்டீம் குழாயில் நான் ஒரு ஜக், அவர் கருவியில் அவர் ஒன்று. ஒரே பால். குவளைக் கோடு எனக்கு 11 மி.மீ., அவருக்கு 14. ஜக்கைத் தட்டிச் சுழற்றிக் காபியின் மேல் ஊற்றினால் அவர் பாலிலும் இலை வடிவம் வருகிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கல். சுவை என்று பார்த்தால் அவர் பால் கெட்டியாக, இனிப்பு தூக்கலாக இருந்தது. அந்த 13 கிராம் தண்ணீர் இல்லாததுதான் காரணமென்று நினைக்கிறேன். இதை எதிர்பார்த்து நான் போகவில்லை.

#15 நுரைத்தேடி

அண்ணன் வந்து போனதற்கு நன்றி. பக்கச்சுவர் ஹீட்டர் வைத்து இதுவரை பதினொரு கிண்ணம் ஓட்டிவிட்டேன், அடிப்பிடிக்கவில்லை. சுருளையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். 14 மி.மீ. இன்று காலை 12 ஆனது.

யாருக்காக என்ற கேள்விக்கு: வீட்டுக்குத்தான். கடைக் குழாயோடு மோதப் போவதில்லை. அக்கா கேட்ட அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டேன். காற்றை எந்த வெப்பத்துக்குள் கொடுத்து முடிப்பது என்பதும், காற்று வழி பாலைத் தொடாமல் அதை எப்படிக் கொடுப்பது என்பதும் அதில் வருகின்றன. விண்ணப்பம் போகும்வரை இந்த இழையில் கருவி பற்றி இனி எழுத மாட்டேன். நுரை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

பால்வேதிக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஓட்ஸ் பானத்தில் 12 மி.மீ. கோடு 30-க்கு ஏறிவிடுகிறது. எண்ணெயா, புரதம் போதவில்லையா?